பொட்டு மேனேஜர் தேர்ந்தெடுத்த பிளான்

உலகத்தில் உள்ளதையெல்லாம் உயிருள்ளவை, உயிரில்லாதவை என்று இரண்டாகப் பிரித்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். பொட்டு மேனேஜரிடம் அதெல்லாம் செல்லாது. பொட்டு வைத்தது, பொட்டு வைக்காதது. அவ்வளவுதான் உலகம்.

விழுப்புரத்தில் நான் ரிப்போர்ட் டைப் அடிக்கும் ஸ்கேன் சென்டருக்கு அப்போது அவர்தான் மேனேஜர். வெள்ளிக்கிழமை காலையில் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினாரானால் கம்ப்யூட்டர், பிரிண்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின், எடை பார்க்கும் மெஷின், தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர் என்று ஒன்றையும் விடமாட்டார். சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. ஆபரேஷன் செய்கிற முகத்தோடு பொட்டு வைப்பார்.

மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறித் திண்டிவனம் கிளைக்கும் போய் வைத்துவிட்டு வருவார். அங்கே பழைய எக்ஸ்ரே மெஷினைப் பார்த்துக்கொள்பவர் பிலோமினா. கெடார் கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிற பெண். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த புருஷன் வீட்டோடு கிடக்கிறார். பிலோமினாவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அவருடைய மானிட்டரின் ஓரத்தில் ஒரு சின்னச் சிலுவை ஒட்டியிருக்கும்.

"பொட்டு வைக்கிறதுல உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லியேம்மா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார் மேனேஜர்.

"மெஷினுக்குத்தானே சார், வச்சுட்டுப் போங்க" என்பார் பிலோமினா.

போன வருடம் எங்கள் எதிர்க்கடையான பிரிண்டிங் பிரஸ்ஸின் கம்ப்யூட்டர்களை எவனோ எங்கிருந்தோ முடக்கிப் போட்டு, பணம் அனுப்பினால்தான் விடுவேன் என்றான். கல்யாண சீசன் வேறு. பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர்களெல்லாம் வாசலில் நின்று கத்தியதை எங்கள் டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"மேனேஜர், நம்ம கம்ப்யூட்டருக்கெல்லாம் ஒரு பாதுகாப்பு வாங்குங்க. ஜல்தியா."

புதுச்சேரியிலிருந்து ஒரு சேல்ஸ்மேன் வந்தார். "மொத்தம் எத்தனை எண்ட்பாயிண்ட் சார்?"

"அப்டின்னா இன்னா தம்பி?"

"நீங்க பாதுகாக்கணும்னு நினைக்கிற மெஷின் எல்லாம் சார். ஒவ்வொண்ணுக்கும் வருஷ சந்தா."

மேனேஜர் எழுந்துபோய்ப் பொட்டுகளை எண்ணிக்கொண்டு வந்து சொன்னார். பிறகு வந்த கொட்டேஷனைப் பார்த்து டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"தண்ணி மெஷினுக்கு வைரஸ் வருமாய்யா?"

"தண்ணியிலதானே டாக்டர் முக்காவாசி வியாதி வருது" என்றார் மேனேஜர், முகம் மாறாமல்.

சென்டரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

சிரிப்பு திண்டிவனத்தில் நின்றது. பிலோமினாவின் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்த சேல்ஸ்மேன் கையை விரித்தார். "ரொம்பப் பழசு சார். எந்தப் பிளானும் இதுல ஏறாது. இது நெட்டுல இருக்கிற வரைக்கும் மத்ததுக்கும் ஆபத்துதான்." அந்த எக்ஸ்ரே மெஷினோ வேறு எந்தக் கம்ப்யூட்டரோடும் சேராது.

டாக்டர் யோசிக்கவே இல்லை. "அப்ப ரெண்டையும் தூக்கிடுங்க. இருக்கிறதுலேயே கம்மி பிளானைப் போடுங்க. பிலோமினாகிட்ட இந்த மாசத்தோட போதும்னு சொல்லிடுங்க."

மேனேஜர் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து போனும் கையுமாக அலைந்தார். எந்தக் கம்பெனிக்காரன் கிடைத்தாலும் ஒரே கேள்விதான்: "வயசான மெஷினுக்கு உங்ககிட்ட இன்னா வழி இருக்குது?" புதுச்சேரி சேல்ஸ்மேன் என்னிடம் அழாத குறை. "பயங்கர பேஜாரு பண்றாருங்க!"

கடைசியில் வழி கிடைத்தது. அந்த சேல்ஸ்மேனின் நடு பிளானில் ஒரு வசதி. நாம் பதிந்து வைத்த பென்டிரைவைத் தவிர வேறு எதைச் செருகினாலும் கம்ப்யூட்டர் ஏற்காது. பதிந்ததையும் சோதித்துத்தான் உள்ளே விடும்.

"பழசுல நெட்டைப் புடுங்கிடுவோம் டாக்டர். அது தனியா இருந்துகினு போவட்டும். பிலோமினா படத்தைப் பென்டிரைவ்ல ஏத்திக்கினு வந்து அங்க இருக்கிற புது கம்ப்யூட்டர்ல போடும்."

"என் கண்ணெதிர்ல செஞ்சு காட்டுங்க. நடக்கலைன்னா நான் சொன்னதுதான்" என்றார் டாக்டர்.

திண்டிவனத்தில் எல்லோரும் சுற்றி நின்றோம். மேனேஜர் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார். பிலோமினா அதைப் பழைய கம்ப்யூட்டரில் செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. எடுத்து மறுபடி செருகினார். ஊஹூம். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

சேல்ஸ்மேன் அதை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். வாய் நிறையக் காய்ந்த சந்தனம், மேலே குங்குமம்.

"புதுசா வேலைக்குச் சேர்றது... வெறுமனே அனுப்பக் கூடாதுன்னு..." மேனேஜரின் குரல் உடைந்தது. "தப்பு என்னுது டாக்டர். அனுப்பணும்னா என்னை அனுப்புங்க. அந்தப் பொண்ணை வுட்டுடுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. பிலோமினா ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஊதிக் காயவைத்துச் செருகினார். படம் ஏறியது. புது கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனார். அது நிதானமாகச் சோதித்துவிட்டு யாரோ ஒரு பெரியவரின் விலா எலும்புகளைத் திரையில் காட்டியது.

டாக்டர் வெகுநேரம் அதைப் பார்த்தார். "ஃபிராக்சர் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். நடு பிளானையே வாங்கினோம்.

மேனேஜர் இப்போது ஓய்வு பெற்று, மேல்மலையனூர் பக்கம் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறார். இந்த வருடம் சந்தாவைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிய பிளானுக்கு மாறச் சொல்லிக் கம்பெனியில் நச்சரித்தார்கள். அவருக்குப் போன் போட்டு, என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்கிறேன், இரு" என்றவர், நிலக்கடலைச் செடியை உதறுகிற சத்தத்துக்குப் பிறகு கேட்டார். "பிலோமினா வேலைக்கு வருதா?"

"வருதுங்க சார்."

"அப்ப அதையே போடு." போனை வைத்துவிட்டார்.

இப்படி ஒரு மனுஷரோடு நான் வேலை பார்த்தேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உங்களிடம் சொல்லிவிட்டேன்.