ஜீப்பை ஐந்து அங்குலம் தூக்கிய விவரம்

காஜா பேராங், மலாக்கா
1958, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி மாணிக்கவாசகம் அவர்களுக்கு,

மருதமுத்து கைகூப்பி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும், வயிற்றுப் பிள்ளையோடு எங்கள் கோகிலாவும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை செய்வாள். இது நானே எழுதும் கடிதம். இதுவரை உங்களுக்கு வந்ததெல்லாம் கடைக்கார ஹாஜா எழுதியது. அவற்றில் "தங்கள் பொற்பாதம்" என்று இருந்திருக்கும். அது அவர் சொந்தச் சரக்கு. நான் இரவு வகுப்பில் படித்து இப்போதுதான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிய நேரமாகிறது.

கோகிலாவை அழைத்துப் போக இரண்டு புதன்கிழமை வருவதாகச் சொல்லி இரண்டிலும் வராமல் போனோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். முதல் புதன்கிழமை வராதபோதே, அமாவாசைக்குள் வராவிட்டால் பிரசவம் உங்கள் தோட்டத்திலேயே நடக்கட்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டதிலிருந்து என் வீட்டுக்காரி பாக்கியலட்சுமி எனக்குச் சோறு போடுகிறாளே தவிரப் பேசுவதில்லை. ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் புதன்கிழமை என் தம்பி மகன் பொன்னுதுரையின் ஜீப்பில் உங்கள் தோட்டத்துப் பாதையின் பள்ளம்வரை வந்தோம். அது உங்களுக்குத் தெரியாது. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தும் அந்தப் பாதைக்குத் தார் கிடைக்கவில்லை. ரப்பர் மரத்துக் கித்தாப்பால் ஏற்றும் லோரி ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மண்மேடு. ஜீப்பின் பின் அச்சில் பூசணிக்காய் போல ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. அது மேட்டில் உட்கார்ந்துகொண்டது. சக்கரங்கள் சும்மா சுற்றின, வண்டி கோழி அடைகாப்பது போல அசையாமல் இருந்தது. பால் லோரிக்காரர் கயிறு கட்டிப் பின்னால் இழுத்துவிட்டார். சேற்றோடு உங்கள் வாசலுக்கு வர வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டோம்.

பட்டறை அலி அக்பரிடம் போனோம். "மாமா, கவலைய விடுங்க, ஸ்பிரிங் வில்லுல பட்டை சேர்த்து ரெண்டு அங்குலம் தூக்கிருவோம்" என்றார். தூக்கினார். வண்டி கம்பீரமாக நின்றது. குனிந்து பார்த்தால் பூசணிக்காய் பழைய இடத்திலேயே இருக்கிறது. கேட்டதற்கு, "வில்லு ஒடம்பைத்தான் தூக்கும், அச்சைத் தூக்காது. அச்சு எழும்பணும்னா பெரிய டயர் வேணும்" என்கிறார். இதை முதலில் சொல்லக்கூடாதா என்றேன். "நீங்க வண்டியைத் தூக்கச் சொன்னீங்க, தூக்கினேன்" என்றார். பெரிய டயர் மாட்டினோம். நேராக ஓடியது. திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது. அதற்காக இன்னும் இரண்டு அங்குலம் தூக்கினார். ஆக மொத்தம் நான்கு.

அப்போதுதான் பாக்கியலட்சுமி பட்டறைக்கு வந்தாள். என்னைப் பார்க்காமல் அலி அக்பரைப் பார்த்து, "நெறமாசப் பொண்ணு ஏறுற வண்டி, ரெட்டைப்படையில நிக்கலாமா?" என்று கேட்டாள். அவருக்கும் நியாயமாகப் பட்டது. ஐந்து அங்குலம் ஆக்கினோம். ஏறுவதற்கு ஒரு முக்காலியும் வாங்கினோம்.

ஆள் ஏறினால் வில் தாழும், அப்போதும் டயர் உரசாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் அலி அக்பர். கட்டுச்சோற்றோடு வரப்போகிற ஐந்து சுமங்கலிகளின் எடையைக் கேட்டார். சம்பந்தி, நீங்களே சொல்லுங்கள், யாரிடம் போய்க் கேட்பது? ஆளுக்கு ஓர் அரிசி மூட்டை என்று கணக்குப்போட்டு வண்டியில் அடுக்கினோம். பக்கத்துவீட்டுச் சந்திரமதியம்மாள் அந்த வழியாக வந்து, "இதுல நான் எந்த மூட்டை?" என்றார்கள். பொன்னுதுரை பயந்துபோய், "அக்கா, நீங்க அரை மூட்டைதான்" என்று மரியாதைக்குப் பாதியை இறக்கினான். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு மட்டும் முழு மூட்டை வைக்க முடியுமா? எல்லாருக்கும் அரை மூட்டை. டயர் எங்கும் உரசவில்லை. மிகவும் சந்தோஷப்பட்டோம்.

நேற்றுப் புதன்கிழமை நல்ல நேரத்தில் கிளம்பினோம். சந்திரமதியம்மாள் இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். மேலே சொல்ல எனக்கு உரிமை இல்லை. வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் வண்டி இடப்பக்கம் சாய்ந்து, டயர் மட்கார்டைக் கடித்து, புகை வந்தது. இடப்பக்கம் திரும்பினால் ஒன்றுமில்லை. அம்மாளைக் கொஞ்சம் மாறி உட்காரச் சொன்னால் போதும் என்று வண்டியில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. நேராகப் போனால் கடல். ஆகவே இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிப் போனோம். அப்படிப் போனால் வீட்டுக்குத்தான் வந்து சேரும் என்பதை நேற்றுத்தான் கண்டுகொண்டேன். புளிச்சோற்றை எங்கள் வாசலிலேயே சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

இப்போது மட்கார்டை வெட்டச் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் ஒரே ஓர் உதவி. பள்ளத்தின் அடியிலிருந்து மேட்டின் தலைவரை எத்தனை அங்குலம் என்று குச்சி வைத்து அளந்து உடனே எழுதுங்கள். அடுத்த புதன்கிழமை கட்டாயம் வருவோம். அதுவரை கோகிலாவை உங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படித்தான் பார்க்கிறீர்கள் என்று தெரியும், இருந்தாலும் பெற்ற மனம் எழுதச் சொல்கிறது. சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் ஆசிகள். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழட்டும். அதில் முதலாவது இங்கே பிறக்கட்டும்.

இப்படிக்கு,
மருதமுத்து

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள், பக்கத்தில் கோகிலா. தோட்டத்து டிராக்டர் பெட்டியில் மெத்தை போட்டுப் பெரிய ரோடுவரை, அங்கிருந்து பஸ்ஸில் வந்தோம் என்கிறீர்கள். பெண் வீட்டார்தான் வந்து அழைக்க வேண்டும் என்ற வழக்கத்தை எனக்காக விட்டுக்கொடுத்தீர்கள். கோகிலா பசியாறிவிட்டுப் படுத்திருக்கிறாள். பாக்கியலட்சுமி என்னோடு பேசிவிட்டாள், திட்டுதான். நீங்கள் எதிரே காப்பி குடித்துக்கொண்டு, "யாருக்குச் சம்பந்தி எழுதுறீங்க?" என்று கேட்டீர்கள். உங்களுக்குத்தான் என்றேன். "நாந்தான் இங்கயே இருக்கேனே, வாயால சொல்லுங்க" என்றீர்கள். சொல்லமாட்டேன். தபாலில் வரும். ஊர் போய்ச் சேர்ந்ததும் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். மேட்டை அளக்க வேண்டாம், எது வேண்டுமானாலும் எழுதுங்கள். எனக்கு வரும் கடிதத்தை நான் இன்னும் ஒரு தடவைகூட நானே பிரித்துப் படித்ததில்லை.