குளிர் தாங்காத பேட்டரி

ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வாரா வாரம் வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது வரும்போதெல்லாம் தான் மலைமேல் இருந்துவிட வேண்டும். லாரிக்காரர் சூசைமாணிக்கம் தீர ஆலோசித்து எடுத்த முடிவு இது.

ஆண்டவர் ஆறு நாள் வேலை செய்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று சாமியார் பிரசங்கம் வைக்கும்போதெல்லாம் சூசைமாணிக்கத்துக்குக் கண் கலங்கும். ஆண்டவருக்கு மாமியார் கிடையாது. சூசைமாணிக்கத்துக்கு உண்டு, நாகல் நகரில். அந்த மாமியார் வீட்டில் ஒரு கிணறும் உண்டு. திண்டுக்கல் கிணறு என்றால் சும்மாவா? வாளியை விட்டால் அது தண்ணீரைத் தொடுவதற்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்துவிடலாம். இழுத்து மேலே கொண்டுவருவதற்குள் முழு ஜெபமாலையும் ஆகிவிடும். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பெண்டாட்டி செபாஸ்தியம்மாள் அவரை நேராக அங்கே கூட்டிப்போவாள். வாரத்துக்கு வேண்டிய தண்ணீரை அண்டா, குடம், தொட்டி, கடைசியில் சொம்பு வரை அவர் இறைத்து நிரப்ப வேண்டும்.

"மாப்ள கை பட்டாத்தான் தண்ணி இனிக்கிது" என்பாள் மாமியார். அந்தக் கை திங்கட்கிழமை ஸ்டியரிங்கைப் பிடிக்க மறுக்கும்.

இந்த லட்சணத்தில்தான் சூசைமாணிக்கம் தன் பழைய பெட்ரோல் லாரியைத் தள்ளிவிட்டு டீசல் லாரி வாங்கினார். சனிக்கிழமை தோறும் அரிசி மூட்டையோடு கொடைக்கானல் ஏறி, உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே இறங்குவது அவர் வழக்கம். அந்த மார்கழியில் ஒரு நாள் மேலே லோடு ஏற்றி முடிக்கும்போது பனி இறங்கிவிட்டது. சாவியைத் திருகினார். எஞ்சின் இரண்டு முறை முனகியது, படுத்துக்கொண்டது.

கிழங்கு கமிஷன் கடை ஞானராஜ் அப்போது மூட்டை அடுக்கி வைக்கும் தன் கிட்டங்கி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கிட்டங்கி ஒரு மேட்டில் இருக்கிறது; டயருக்குக் கல் முட்டுக் கொடுக்காமல் அங்கே லாரி நிற்காது.

"கல்லை எடுத்து விடவா மாணிக்கம்?" என்று கேட்டார் ஞானராஜ். கேட்டுவிட்டு, "இல்லேன்னா, உள்ள ஆட்டுக்கறி வேகுது. நாலு பேரு சீட்டோட ஒக்காந்திருக்காக. ஒரு கை கொறையுது" என்றார்.

கல் இருந்த இடத்திலேயே இருந்தது.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கரி அடுப்புக்குப் பக்கத்தில் ரம்மி ஆடி, கறிக்குழம்பும் சோறும் தின்று, விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்து, ஞாயிறு மத்தியானம் அவர் வீடு வந்து சேர்ந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்று ஓடி வந்தாள் செபாஸ்தியம்மாள்.

"பேட்டரி. குளிர் தாங்கல. 'ஊம்'னுச்சு, அப்புறம் மூச்சே காணோம்."

"அப்ப எப்பிடி வந்தீக?"

"காலைல வெயில் வந்துச்சு. பேட்டரிக்குச் சூடு ஏறுச்சு. எந்திரிச்சுக்கிச்சு. அதுவும் நம்மளப் போல ஒரு சீவன்தான?"

"அய்யோ பாவம்!" என்றாள் அவள். தன்னைத்தான் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். வெந்நீர் வந்தது. கோழிச் சாறு வந்தது. மாமியார் வீட்டுத் தண்ணீரைப் பக்கத்து வீட்டு மரியசெல்வம் இறைத்துக் கொடுத்துவிட்டான் என்ற செய்தியும் வந்தது. சூசைமாணிக்கம் அந்தச் சாற்றைக் குடித்துக்கொண்டே, இவ்வளவு நல்ல பொய்யை ஒரு தடவையோடு விடுவது பாவம் என்று நினைத்தார்.

விடவில்லை. மார்கழி முழுக்கப் பேட்டரி சனிக்கிழமை சாயங்காலம் செத்து, ஞாயிற்றுக்கிழமை காலை உயிர்த்தெழுந்தது. தை மாதம் அதற்குள் இருந்த தண்ணீர் உறைந்தது. மாசியில் சளி பிடித்தது.

"சளியா?" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"ஆமா. கரகரங்குது."

"பாவம், தைலம் தடவுனீகளா?"

பங்குனி வந்தது. திண்டுக்கல்லில் தார் ரோடு இளகிச் செருப்போடு வந்தது. சூசைமாணிக்கத்தின் பேட்டரி மட்டும் இன்னும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது வாயை மூடிக்கொள்ள ஒரு பருவம் தெரியும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் கோழி நெஞ்செலும்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது செபாஸ்தியம்மாள் சொன்னாள்: "ஏங்க, நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். பேட்டரிய மாத்திருவோம்."

எலும்பு தொண்டையில் நின்றது.

"எதுக்கு? இருக்கட்டும்."

"என்னத்த இருக்கட்டும்? எம் புருசன் வாரா வாரம் குளிர்ல கெடந்து சாகுறாரு, எனக்குச் சோறு எறங்குமா? குளிர் தாங்குற பேட்டரியாப் பாத்து வாங்குவோம். நாளைக்கே. நானும் வாரேன்."

இந்த வீட்டில் பேட்டரிப் பேச்சு புதிது இல்லை. அவளுடைய அண்ணன் கொழும்பிலிருந்து வந்தபோது ஒரு ரேடியோப் பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தான். இவர்கள் தெருவுக்குக் கரண்டுக் கம்பம் இன்னும் வரவில்லை. லாரி பேட்டரி ஒன்றை மாட்டினால் அந்தப் பெட்டி பாடும். அவள் கேட்கும்போதெல்லாம், "ரேடியோவுக்குப் பேட்டரியா? வேற வேலை இல்லையா?" என்று அவர் வாயை அடைத்துவிடுவார். பின்னல் துணி போர்த்திய அந்தப் பெட்டி, திரு இருதயப் படத்துக்குக் கீழே, இரண்டு வருஷமாக மௌன விரதம் இருந்துவந்தது. அதைப் பற்றி அவள் இப்போது மூச்சுக்கூட விடவில்லை. பெண்கள் மறந்துவிடுவார்கள் என்று சூசைமாணிக்கம் நம்பினார். அவருக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தும் நம்பினார்.

மறுநாள் பேட்டரிக் கடையில் கண்ணுசாமி மூன்று பேட்டரிகளை எடுத்து வைத்தார். சிறிசு, நடுத்தரம், பெரிசு. சூசைமாணிக்கம் பாய்ந்துபோய்ச் சிறிசைக் கட்டிக்கொண்டார்.

"இது போதும். இப்ப வண்டியில இருக்குறதும் இதே சைசுதான். பூ மாதிரி! ஒத்தக் கையில தூக்கலாம்!" என்று தூக்கியும் காட்டினார். நரம்பு புடைத்தது, முகத்தில் பூச்சிரிப்பு இருந்தது.

"அண்ணே, அது பெட்ரோல் காருக்கு ஆகும்" என்றார் கண்ணுசாமி. "டீசலுக்குப் பத்த வைக்கிற பொறி கெடையாது. காத்தை இறுக்கி அமுக்கி, அந்தச் சூட்டுலயே பத்தணும். அம்புட்டு பெரிய எஞ்சினைப் பேட்டரிதான் சுத்தி விடணும். குளிர்ல என்ன ஆகும்? எஞ்சின் ஆயிலு பாகு மாதிரி இறுகிப்போயிரும். பேட்டரிக்கும் பாதி பலம் போயிரும். சுமை கூடுது, ஆளு மெலியிறான்."

"அப்ப எது நல்லதுண்ணே?" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"பெரிசுதான் தாயி. உள்ள தகடு கூட. தகடு கூடக்கூட எடுத்த எடுப்புல வேகம் கூட."

"அது கனம்!" என்று குறுக்கே விழுந்தார் சூசைமாணிக்கம். "வண்டி ஒரு பக்கமாச் சாயும்."

கண்ணுசாமி அவரை ஒரு தினுசாகப் பார்த்தார். "வண்டி நெறையக் கெழங்கு ஏத்துறீக. அதுல சாயாத வண்டி இதுல சாயுமாண்ணே?"

"எனக்கு ராசியில்லாத நெறமா இருக்கு."

"எல்லாப் பேட்டரியும் கறுப்புத்தான்."

"கம்பி சூடாகி, அது இதுன்னு ஆயிட்டா?"

"அதுக்குத்தான் தடிச்ச ஒயரு போட்டுத் தாரேன். முனையில பச்சையாப் பூத்தா வெந்நீர ஊத்திக் கழுவி வாசலின் தடவிக்கங்க. எப்பவும் முழுச் சார்ஜுல வச்சிருங்க. இமயமலைக்கே ஓட்டலாம்."

"நல்லாச் சொன்னீக" என்றாள் செபாஸ்தியம்மாள். "இதையும் மீறி மேல ஸ்டார்ட் ஆகலைன்னா?"

"மறு பஸ்ஸுல நானே ஏறிப் போயி நேர்ல பாப்பேன் தாயி. என் கடை பேரு என்னத்துக்காகும்?"

சூசைமாணிக்கம் மனசுக்குள் கணக்குப் போட்டார். இனிமேல் பேட்டரி செத்தது என்றால் கண்ணுசாமி வந்து நிற்பார். கிட்டங்கிக்குள் சீட்டோடு உட்கார்ந்திருப்பவர்களையும் பார்ப்பார். கண்ணுசாமி பார்ப்பது திண்டுக்கல் முழுக்கப் பார்ப்பதற்குச் சமம்.

"பழைய பேட்டரியக் குடுத்துட்டுப் போங்க, கொஞ்சம் கொறைச்சுக்கிறேன்" என்றார் கண்ணுசாமி.

"வேண்டாம்ணே" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரரோட குளிர்ல கஷ்டப்பட்ட சீவன். அது பாட்டுக்கு வீட்டுல ஒரு மூலையில கெடக்கட்டும்."

சூசைமாணிக்கத்தின் உள்ளே விளக்கு எரிந்தது. பழைய பேட்டரி வீட்டில் இருக்கிறது! சனிக்கிழமை காலை புதிதைக் கழற்றி ஒளித்துவிட்டுப் பழையதை மாட்டிக்கொண்டு மலை ஏறினால் யாருக்குத் தெரியும்? அவள் கண்ணுசாமியிடம் போவதற்கு முன், 'மறந்தாப்ல பழசை மாட்டிட்டேன்' என்று அவளிடம் சொல்லிக்கொள்ளலாம். அப்படி ஒருவன் மறப்பானா என்று அவர் யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் பெண்டாட்டிக்கு மல்லிகைப்பூகூட வாங்கிக் கொடுத்தார். அவளும் வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பழைய பேட்டரி விறகுக் கொட்டகையில் இருந்தது. கண்ணால் பார்த்தார். சனிக்கிழமை காலை போனால் இல்லை. விறகைக் கலைத்தார். கோழிக் கூடையைத் தூக்கிப் பார்த்தார். கோழி கத்தியது.

"என்னங்க தேடுறீக?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. முட்டை."

தேள் கொட்டிய திருடனுக்கு வாய் எப்படித் திறக்கும்? மலை ஏறினார். கிட்டங்கி வாசலில் லோடு ஏறியது. சாவியைத் தொட்டார், தொடத்தான் செய்தார். எஞ்சின் 'சொல்லுங்க எசமான்' என்று பிடித்துக்கொண்டது. மேகம் மூடி, பல் கிட்டிக்கும் குளிர் அடித்தும் அது துளி முனகவில்லை.

"என்ன மாணிக்கம், எறங்குறியா? சீட்டு கலைச்சாச்சே!" என்றார் ஞானராஜ்.

"பேட்டரி நல்லாருக்கு" என்றார் சூசைமாணிக்கம். தகப்பன் செத்த செய்தியைச் சொல்கிற குரலில் சொன்னார்.

ஊர் வந்து சேர்ந்தபோது வீடுகளில் விளக்கு வைத்திருந்தார்கள். தெருவுக்குள் லாரி திரும்பும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. யார் வீட்டில் கல்யாணம் என்று பார்த்துக்கொண்டே வந்தவர், தன் வீட்டு வாசலில் பாதித் தெருப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். உள்ளே பின்னல் துணியைக் கழற்றிவிட்டு, கண்ணில் பச்சை வெளிச்சத்தோடு, கொழும்பு ரேடியோ தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மணையில், முனைகளில் வாசலின் பூசி, குங்குமம் வைத்து, பழைய பேட்டரி கொலுவிருந்தது.

பெண்கள் கலைந்து போனார்கள். பாட்டு போகவில்லை.

"இது... இது செத்த பேட்டரியாச்சே. எப்பிடிப் பாடுது?"

"எப்பச் செத்துச்சு?" என்றாள் செபாஸ்தியம்மாள், அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே.

"குளிர்ல..."

"ஏங்க, நான் எந்த ஊருக்காரி?"

"வத்தலக்குண்டு."

"அம்மா நாகல் நகருக்கு வர்றதுக்கு முந்தி எங்கப்பா டீக்கடை எங்க இருந்துச்சு?"

"மலை ரோட்டு ஓரம்."

"அங்க ஒக்காந்துதான நான் வளந்தேன். எறங்கி வர்ற லாரியில பாதி, எண்ணெய மிச்சம் புடிக்க எஞ்சினை அமத்திட்டு உருண்டுல்ல வரும்! அடிவாரத்துல கியரைப் போட்டு விட்டா அதுபாட்டுக்குப் பத்திக்கிரும். சின்னப் பிள்ளையில இருந்து பாக்குறேன். ஞானராஜ் அண்ணன் கிட்டங்கி மேட்டுல இருக்கு. முன்ன ஒருக்கா மலைமேல மாதா கோயில் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனீகள்ல, டயருக்குக் கல்லை எடுத்துப் போட்டதே நான்தான். அந்தக் கல்லைத் தள்ளுனா வண்டி உருளும், உருண்டா எஞ்சின் ஓடும். மலையில இருந்து எறங்குற லாரிக்கு எதுக்குங்க பேட்டரி?"

சூசைமாணிக்கத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கம் அதற்கு வழி விடவில்லை. அவ்வளவும் தெரிந்துகொண்டா வாரா வாரம் கோழிச் சாறு ஊற்றினாள் என்று நினைத்தபோது, அந்த வெட்கத்துக்குள்ளும் பெண்டாட்டி மேல் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதை அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டு எதுக்குடி அம்புட்டுப் பெரிய பேட்டரிய வாங்க வச்ச?"

"ரேடியோவுக்குப் பேட்டரி கேட்டேன், வாங்கித் தந்தீகளா? புதுசு வந்தாத்தான பழசு எனக்கு" என்றாள் அவள். "மோரு ஊத்திக்கங்க. நாளைக்கு வெள்ளனப் பூசைக்குப் போகணும். அப்புறம் நேரா அம்மா வீடு. மரியசெல்வத்துக்குக் கை காச்சுப்போச்சாம், பாவம். அவன் குடத்தோட நிறுத்திக்கிட்டான், தொட்டி மூணு மாசமாக் காஞ்சு கெடக்கு."

அவர் மோர் ஊற்றிக்கொண்டார்.

"போறப்ப ரேடியோவை நான் எடுத்துக்கிறேன். பாட்டுக் கேட்டுக்கிட்டே தண்ணி எறைச்சா மாப்ளைக்குக் களைப்பு தெரியாதுன்னு அம்மா சொல்லிவிட்டுச்சு. பேட்டரிய நீங்க எடுத்துக்கங்க."

"அதையா? நாகல் நகர் வரைக்குமா? அது என்ன கனம் தெரியுமா?"

செபாஸ்தியம்மாள் ரேடியோவின் சத்தத்தைச் சற்றுக் குறைத்தாள்.

"பூ மாதிரின்னு கடையில சொன்னீகளே. ஒத்தக் கையிலயே தூக்குங்க. இன்னொரு கைக்கு, அம்மா வீட்டு வாளிக்குன்னு வாங்குன புதுக் கயிறு இருக்கு."