மண்வேர்ப் பேரவையும் வேலம்மாவின் குரலும்

கோடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் 'மண்வேர் இசைப் பேரவை' மட்டும் 1974-ல் தோன்றியிராவிட்டால் உலக இசை அந்த ஆண்டே கடைசி மூச்சை விட்டிருக்கும். அதைக் காப்பாற்றிய பெருமை குமாரவேலைச் சேரும். பழனியில் அப்பா பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். மகன் மலையேறித் தலைமுடி வளர்த்தார்.

பேரவையில் முப்பது நாற்பது பேர். கிதார், உறுமி, பால்கேன், பழைய பஸ் ஹாரன் எல்லாம் உண்டு. யாரும் யாருக்கும் அடங்கி வாசிக்கக் கூடாது என்பது கொள்கை. அதனால் பாட்டு எங்கே முடிகிறது என்று கேட்பவருக்குத் தெரியாது, வாசிப்பவருக்கும் தெரியாது. இதற்குப் 'பரிசோதனை' என்று பெயர்.

இத்தனை இருந்தும் மண் மட்டும் குறைந்தது. அதற்காகச் சேர்க்கப்பட்டவர் வேலம்மா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரு அரசுகளின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கோடைக்கானல் பக்கம் கூலி வேலை செய்தவர். கொழுந்து பறிக்கும் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். முதல் வருடம் முழுப் பாட்டுப் பாடினார். பேரவை வளர வளர அது ஒரு வரியாகி, கடைசியில் ஒரே ஒரு 'ஏலேலோ'வில் நின்றது. வருத்தந்தான். ஆனாலும் அதைப் பாடும்போது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் அண்ணன் மூக்கையா தப்பு அடிப்பது காதில் விழும். அதற்காகவே வந்துகொண்டிருந்தார்.

1983 ஆடி மாதம் ரேடியோவில் இலங்கைக் கலவரச் செய்தி வந்தது. அண்ணன் இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் இருந்தார். வேலம்மா குமாரவேலிடம் ஓடினார்.

"ஐயா, மண்டபம் அகதி கேம்ப்புல வெசாரிச்சா அண்ணனப் பத்தி ஏதாச்சும் தெரியுமுங்க. வெரசா போயிட்டு வந்துர்றேன்."

"சனிக்கிழமை புரோகிராம். மெட்ராஸ்ல இருந்து விமர்சகர் வர்றாரு. நீங்கதாம்மா எங்க வேரு. வேரு லீவு கேக்கலாமா?"

வேர் நின்றது. அவருக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுச் சோலைமலை அந்தக் கேம்ப்புக்குப் போனார்.

சனிக்கிழமை, ஏலேலோவுக்காக வேலம்மா மைக் முன்னால் காத்திருந்தார். சோலைமலை நேராக மேடையோரம் வந்து நின்றார்.

"அக்கா... ஒங்க தோட்டத்து ஆளு ஒருத்தரப் பாத்தேன். மூக்கையாண்ணன் போயிட்டாருக்கா. லயத்தோட கொளுத்திட்டானுங்களாம்."

வேலம்மா அலறினார். மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தார். கலைஞர்கள் சும்மா இருப்பார்களா? உறுமி அந்த அழுகையைப் பிடித்துக்கொண்டது. கிதார் சுருதி சேர்ந்தது. பேரவை வரலாற்றில் முதல்முறையாக எல்லோரும் ஒரே தாளத்தில் வாசித்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 'ஆதிக் குரலின் மறுபிறப்பு' என்று விமர்சகர் எழுதினார்.

காரியம் முடிந்ததும் குமாரவேல் ஒரு பை பேரிக்காயுடன் துக்கம் விசாரிக்க வந்தார்.

"மதுரை, கோயமுத்தூர், பம்பாய், எல்லா ஊர்லயும் கூப்பிடுறாங்க. இனிமே ஏலேலோ வேண்டாம். அன்னைக்கு மாதிரி அழுதாப் போதும். அதே ஃபீலிங் வரணும்."

"எனக்கு இருந்தது ஒரே அண்ணந்தானுங்க."

குமாரவேல் கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தார்.

"அங்க வேற சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"

வேலம்மா பேரிக்காய்ப் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவர் தெருவில் இறங்கும்வரை நின்றார்.

ஒருவருக்காகக் கலை நின்றுவிடுமா? மறு வாரமே கோடைக்கானல் பஸ் நிலையத்தில் பேரவையின் அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'பெண் குரல் தேவை. பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இலங்கையில் உறவினரைப் பறிகொடுத்தோருக்கு முன்னுரிமை.'