இல்லாத ஆயிரம் பேரைப் பெயர் நீக்கிய விவரம்

வாசலூர்பட்டி,
சனிக்கிழமை மாலை.

அன்பு மகள் சுமித்ராவுக்கு அப்பா மாதேஸ்வரன் ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும், மிளகு மூட்டைகளும், மிளகு அறையில் நீ வைத்துவிட்டுப் போன சர்வர் கம்ப்யூட்டரும் சௌக்கியம். பெங்களூரில் நீ சௌக்கியமா என்று கேட்கலாமென்றால் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். "என்ன பண்ணுனீங்கன்னு ஒண்ணு விடாம எழுதி அனுப்புங்கப்பா, அப்பறம் பேசறேன்" என்று சொல்லி மத்தியானம் வைத்தவள்தான். எழுதிவிட்டேன். நீளம் என்று பிறகு குறை சொல்லக் கூடாது.

மரம் விழுந்து இன்டர்நெட் கேபிள் அறுந்ததும், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் சரியாகும் என்று கேபிள்காரர் சொன்னதும் உனக்குத் தெரியும். அன்றைக்குப் பத்து மணிக்கு உன் ஆபீஸ் பெரியவர்கள் இந்தச் சர்வரைத் திறந்து பார்ப்பார்கள், ஆயிரம் கம்ப்யூட்டருக்கு வேலையைப் பங்கு போட நீ எழுதிய புரோகிராம் அதில் ஒழுங்காக ஓடினால் நீ இனிமேல் ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம், ஓடாவிட்டால் பெங்களூரிலேயே கிடக்க வேண்டும். இதை நீ சொன்ன நாளிலிருந்து உன் அம்மா உன் அறைக்கு இரண்டு தடவை வெள்ளையடித்துவிட்டாள். ஆகவே நான் விளையாட்டாக எதுவும் செய்யவில்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்.

நீ அனுப்பிய பென் டிரைவையும், என்னென்ன டைப் அடிக்க வேண்டும் என்று எழுதிய தாளையும் வாங்க நேற்றுக் காலையே சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். கண்டக்டர் முரளி இறங்கி, "மலைப்பாதை எழுபது வளைவும் இந்தப் பைய அமுக்கிப் புடிச்சுக்கிட்டே வந்தனுங்க, எங்க மாமனார் பணங்குடுத்தாக்கூட இப்படிப் புடிக்க மாட்டனுங்க" என்று கொடுத்தான். வந்து குளித்து, திருநீறு பூசி, சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். கடவுச்சொல் கேட்டது. அடித்தேன். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டதென்று கவிழ்த்துத் தட்டினேன், நாலு மிளகு விழுந்தது, எழுத்து மட்டும் விழவில்லை. உனக்குப் போன் போட்டால், "லினக்ஸ்ல பாஸ்வேர்டு கண்ணுக்குத் தெரியாதுங்கப்பா, தைரியமா அடிங்க" என்றாய். சரி, அதையும் நம்பினேன். கண்டெய்னர் என்கிற டப்பாக்களை ஓட்டும் மென்பொருளை ஏற்றினேன், அதற்குள் கிளஸ்டர் என்கிற கம்ப்யூட்டர் கூட்டத்தை ஏற்றினேன், அதற்குள் சோதனை மென்பொருளை ஏற்றினேன், டப்பாவுக்குள் டப்பாவாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கட்டளையின் நடுவில் இடைவெளி போட மறந்ததற்கு அது என்னைத் திட்டிய திட்டு ஒரு பக்கம் வந்தது. எல்லாம் பொறுத்துக்கொண்டு கடைசிக் கட்டளையை அடித்தேன் சாமி, திரை முழுக்க மளமளவென்று பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக 'ரெடி', 'ரெடி' என்று ஆயிரம் கம்ப்யூட்டர்!

அங்கேதான் எனக்கு உறுத்தியது. எஸ்டேட்டில் முப்பத்தொரு வருசம் ஆள் பதிவு எழுதியவன் நான். காலை ஏழு மணிக்குப் பெயர் கூப்பிடுவேன், ஆள் எதிரே நின்று 'உள்ளேன்' சொன்னால்தான் மை தொடும். பஸ் தாமதமானவருக்கு மட்டும் பென்சிலில் 'வருகிறார்' என்று குறித்துவைத்து, ஆளைக் கண்ணால் கண்ட பிறகு மையில் எழுதுவேன். ஒரு மேஸ்திரி இல்லாத பதினோரு பேரை எழுதிக்கொண்டு வந்தபோது பதினோரு பெயரையும் அவன் கண்முன்னால் கோடு போட்டு அடித்தவன். அப்படிப்பட்டவனிடம் ஆயிரம் பேர் ரெடி என்கிறது திரை, சர்வரைத் தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை, சத்தமும் இல்லை. பட்டியலில் முதல் ஆளின் பெயர் 'பூஜ்யம்'. எந்த ஊரில் ஒரு ஆளுக்குப் பூஜ்யம் என்று பெயர் வைக்கிறார்கள்? கடைசி ஆள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. சந்தேகம் தீர இன்று காலை உன்னைக் கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் நிஜமில்லீங்கப்பா, ஆயிரம் மெசினுக்கு எங்க போறது? சோதனைக்காக இருக்கற மாதிரி காட்டும், வேலையும் நடக்கற மாதிரி காட்டும்" என்றாய்.

இருந்தாலும் அவசரப்படவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். நாற்பதாவது பெயருக்கு உன் அம்மா காப்பியோடு வந்து, "ஏனுங்க, யார் கூடப் பேசறீங்க?" என்றாள். "யாரும் இல்லைங்கறதுதான் பிரச்சனை" என்றேன். பிறகு உன் தாளிலேயே கடைசி வரியில், 'எல்லாம் முடிந்த பிறகு துடைக்க' என்று எழுதியிருந்த கட்டளையை அடித்தேன். ஒரே நொடியில் ஆயிரம் பேரும் காலி. சர்வர் ஒன்று மட்டும் நின்றது. உண்மையாக இருப்பது அதுதான்.

உன் சோதனை கெடும் என்று தெரியும். நீ ஊருக்கு வர வேண்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் ஆசை, அதற்காகத் தினமும் அறப்பளீஸ்வரரைக் கும்பிடுகிறேன். ஆனால் இல்லாத ஆளை இருக்கிறான் என்று என் கையால் திரும்ப எழுத மாட்டேன். அந்த ஒரு சர்வரையே பெரியவர்களிடம் காட்டு. கேட்டால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல். நேரத்துக்குச் சாப்பிடு, கோபத்தில் பட்டினி கிடக்காதே. மலையும் மழையும் உனக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையை மட்டுமே நினைக்கும் அப்பா,
ந. மாதேஸ்வரன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே முழுதும் கேட்டுவிட்டு, "நம்ம ரேசன் கார்டுல மூணு பேரு இருக்குதுங்க. ஊட்டுல எத்தன பேருன்னு எண்ணிப் பாருங்க" என்றாள். எண்ணினேன். எத்தனை தடவை எண்ணினாலும் இரண்டுதான் வருகிறது. நீ போய் ஆறு வருசம் ஆகிறது, கார்டைத் தினமும் பார்க்கிறேன், உன் பெயரை அடிக்க வேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. எழுந்துபோய் உன் தாளை முதல் வரியிலிருந்து டைப் அடித்தேன். ஆயிரம் பேரும் வந்துவிட்டார்கள், பூஜ்யம் உட்பட. திங்கட்கிழமை கவலைப்படாதே. கார்டில் உன் பெயருக்கு நேராகப் பென்சிலில் குறித்துவைக்கலாம் என்று பார்த்தேன், பிளாஸ்டிக் வழவழப்பில் பென்சில் பிடிக்கவில்லை. காலண்டரில் எழுதியிருக்கிறேன், எஸ்டேட் வழக்கப்படி மரியாதையாகவே: 'சுமித்ரா, வருகிறார்.' நீ வந்ததும் மையில் எழுதிக்கொள்கிறேன்.