ஹேமாவின் தோளிலிருந்து இறக்கிய டிரம்

கீழப்பழுவூருக்குப் பக்கத்திலிருந்து,
செப்டம்பர் 2003

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் மகன் அறிவழகனுக்கு, உன்னைப் பெற்ற அமிர்தவல்லி எழுதிக்கொண்டது. நீ அங்கே சுகமாக இருப்பாய், இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் பதினைந்து அன்று பெரம்பலூர் மைதானத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு எவரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. நான் இருந்தேன். உன் பெண்டாட்டி புஷ்பவல்லி இருந்தாள், கல்யாணமான புதிதில் நான் வைத்த மீன் குழம்பில் என் கண் முன்னாலேயே தண்ணீரை ஊற்றியவள். பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் இருந்தாள், வேன் வருகிறது என்றதும் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டாள். தலைமை ஆசிரியர் ஆண்டவர் இருந்தான். சின்ன வயதில் நம் கொல்லைக் கொய்யாவைத் திருடிப் பிடிபட்டதும் உன் பெயரைச் சொன்னவன், அன்றைக்கு நீ வாங்கிய அடி உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. அவன் தங்கை மகன் கொளஞ்சி இருந்தான். விளையாட்டு வாத்தியார் இலியாஸ் சார் இருந்தார், லப்பைக்குடிகாட்டுக்காரர், அவர் மேல் எனக்கு இதுவரை ஒரு குறையும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். கலெக்டர் இருந்தார். உன் மகள் ஹேமலதா இருந்தாள். இருந்தும் இல்லாதது மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

இதைப் போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் லைன் கட்டாகிறது என்கிறாய். ஹேமாவை எழுதித் தரச் சொன்னேன், மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள். அதனால் மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் நீ தலையைச் சாய்த்துப் படி.

பள்ளிக்கூடத்துக்குப் பேண்டு செட்டு வந்தது உனக்குத் தெரியும். சின்ன டிரம், ஊதுகுழல், ஜால்ரா, ஆள் மறைகிற அகலத்தில் பெரிய டிரம் ஒன்று. பையன்கள் எல்லோரும் பெரிய டிரம்முக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். இலியாஸ் சார் என்ன செய்தார், டிரம்மைத் தரவில்லை, எல்லோரையும் கையைத் தட்டிக்கொண்டே மைதானத்தைச் சுற்றி நடக்கச் சொன்னார். பாதிச் சுற்றிலேயே பையன்களுக்குக் கை முன்னால் ஓடுகிறது, கால் பின்னால் வருகிறது. நம் ஹேமா ஒருத்திதான் புறப்பட்ட தாளத்திலேயே வந்து நின்றாள். எப்படித் தப்பும்? என்னோடு மாற்றுலக்கை போட்டுக் கம்பு குத்தி வளர்ந்தவள். ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறிக் குத்தும்போது தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும், இல்லையென்றால் என் விரல் போகும். என் விரல்கள் எல்லாம் இருக்கின்றன. இலியாஸ் சார் அங்கேயே சொல்லிவிட்டார், "பெரிய டிரம்மு இந்தப் புள்ளைக்குத்தான். மத்தவங்கள்லாம் இது காலப் பாத்து நடங்க."

அன்று ராத்திரியே உனக்குப் போன் போட்டேன். மேளமா என்று நீ கொஞ்சம் இழுத்தாய், பிறகு "ஒன் இஷ்டம்மா" என்றாய். இந்த விஷயத்தில் குறுக்கே நிற்காத ஒரே ஆள் நீதான், அது எனக்குப் பெருமை. மற்றவர்களைக் கேள். ஹேமா வீட்டில் பழகுவதற்கு நெல் அவிக்கிற அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ரெங்கம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். "யக்கா, ஒங்க வூட்டு டமாரத்துல எங்க மாடு மெரளுது. பாலு சொரக்க மாட்டேங்குது" என்றாள். "ஒம் மாடு நல்லா சொரந்தப்பவும் நீ எனக்குத் தண்ணியத்தான ஊத்துன, இப்ப மட்டும் என்ன நட்டம்?" என்றேன். உன் பெண்டாட்டி எனக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், அவள் உள்ளே போய் ரேடியோவைத் திருப்பினாள். அண்டா சத்தத்துக்கு மேலே ரேடியோ, அதற்கு மேலே ரெங்கம்மாள். ஹேமா எதையும் காதில் வாங்கவில்லை, தாளத்தை விடவும் இல்லை.

மாவட்டத்துக்கே இந்த வருஷம் நம் பள்ளிக்கூடத்து பேண்டுதான் கொடி ஏற்றத்துக்கு என்று தகவல் வந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தலைக்குத் தொப்பி. அந்தத் தொப்பிக்கு மேலே ஒரு சிவப்புக் கொண்டை வேண்டுமாம். நான்கூடச் சேவல் இறகு தருகிறேன் என்று பெற்றோர் கூட்டத்திலேயே எழுந்து சொன்னேன். ஆண்டவர் கேட்கவில்லை, "காயிதத்துல செஞ்சா பளிச்சுன்னு இருக்கும் பெரியம்மா" என்றான். பதினாலாம் தேதி ஒத்திகை. நடுவில் பிடித்தது மழை. பேண்டுக்காரப் பிள்ளைகள் நனைந்துகொண்டே தெருவோடு வருகிறார்கள், கொண்டையிலிருந்து சாயம் நெற்றி, மூக்கு, வெள்ளைச் சட்டை என்று வழிந்துகொண்டு வருகிறது. வாசலில் நின்ற உன் பெண்டாட்டி மகளைப் பார்த்தாள், மண்டை உடைந்துவிட்டது என்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ரெங்கம்மாள் மஞ்சள் தூளோடு ஓடி வந்து அப்பியும்விட்டாள். சிவப்புக்கு மேலே மஞ்சள். அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான், வெளுக்க வைத்தவள் நான், இதற்கு எவர் நன்றி சொன்னார்கள்?

இனிமேல்தான் விஷயம். பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது என்று பெரிய டிரம்மை நம் வீட்டில் வைக்கச் சொல்லி இலியாஸ் சார் அனுப்பியிருந்தார், நம் வீடு காங்கிரீட் என்று ஊருக்கே தெரியும். நனைந்த டிரம்மை நான் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். தொப் என்றது. ஈரத் துணியில் அடித்தது மாதிரி. விடிந்தால் கலெக்டர் முன்னால் அடிக்க வேண்டிய டிரம், என் பேத்தியின் மானம் அதில் இருக்கிறது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் மேளக்காரர்கள் என்ன செய்வார்கள்? வைக்கோலைக் கொளுத்திச் சூடு காட்டுவார்கள். சூடு காட்டினால் தோல் இறுகும், மேளம் பேசும். பிறந்தது முதல் பார்த்ததைத்தானே செய்தேன். கொல்லையில் இரண்டு கை வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி டிரம்மை இப்படித் திருப்பிக் காட்டினேன். அப்பளம் எண்ணெயில் சுருங்குகிற மாதிரி ஒரு பக்கம் சுருங்கி, நடுவில் ஓட்டை விழுந்து, ஒரு நாற்றம் வந்தது பார், மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. தோல் இல்லையாம். பிளாஸ்டிக்காம். பிளாஸ்டிக்கில் குடம் செய்வான், செருப்பு செய்வான், மேளத்துக்குமா போர்த்துவான்? போர்த்தினவன் சொல்லிக் கொடுத்தனுப்ப வேண்டாமா? இதில் என் குற்றம் எங்கே இருக்கிறது என்று நீயே சொல்.

விடியற்காலையில் இலியாஸ் சார் வந்து பார்த்தார். திட்டவில்லை. டிரம்மைத் திருப்பி மறுபக்கத்தைத் தட்டினார், அது கணீர் என்றது. "ஒரு பக்கம் போனா போவுதும்மா, இந்தப் பக்கம் இருக்குல்ல. வாரு ஒரு பக்கமாத்தான் மாட்டும். ஹேமா, இடது கையில மட்டும் அடிச்சிருவியா?" என்றார். அவள் குச்சியை இடது கையில் எடுத்து அடித்துக் காட்டினாள், ஒரு அடி பிசகவில்லை. அதற்குள் ஆண்டவர் வந்துவிட்டான். "பள்ளிக்கூடத்து சாமான யாரக் கேட்டுப் பெரியம்மா நெருப்புல காட்டுனீங்க?" "மழ யாரக் கேட்டுப்பா பெஞ்சிச்சு?" என்றேன். அவன் ஹேமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் மனதில் எதையோ வைத்திருக்கிறான் என்று.

மைதானத்தில் எங்களைப் பந்தலுக்குள் உட்கார வைத்தார்கள். தூரத்தில் பிள்ளைகள் வரிசை கட்டுகிறார்கள். ஹேமா டிரம்மைத் தோளில் மாட்டி வாரை இழுத்து இறுக்கியும் விட்டாள். ஆண்டவர் போய் என்னவோ சொல்கிறான். அவள் நிற்கிறாள். பிறகு வாரைக் கழற்றுகிறாள். டிரம் கொளஞ்சி தோளுக்குப் போகிறது, அவள் கையில் ஜால்ரா வருகிறது. மேளத்தைச் சுட்டதற்கு என் மேல் கோபம் இருந்தால் என்னிடம் காட்ட வேண்டியதுதானே, பிள்ளையிடமா காட்டுவது? நான் எழுந்தேன். வேலிக்கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரப் பெண், "பாட்டி, உள்ள போவக் கூடாது, கலெக்டர் வர்ற நேரம்" என்றாள். "கலெக்டரு வரட்டும், நான் அவரப் பாக்கவா வந்தேன்? எம் பேத்தி தோள்ல இருந்து டிரம்ம எறக்குனவன ஒரு வார்த்த கேக்கணும்" என்றேன். ரெங்கம்மாள் பின்னால் இருந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், "ஒக்காருங்கக்கா, மானம் போவுது." யார் மானம் போகிறது? அவள் மானமா?

பேண்டு புறப்பட்டது. கொளஞ்சிக்குச் சோற்றுக்கை பழக்கம். ஓங்கி வலது பக்கம் அடித்தான், அது நான் சூடு காட்டின பக்கம். சத்தம் இல்லை. பையன் மிரண்டு இடது கைக்கு மாறினான், அந்தக் கையில் தாளம் இல்லை. சின்ன டிரம்கள் ஒரு பக்கம் போகின்றன, குழல் ஒரு பக்கம் போகிறது, பின்னால் வருகிற பிள்ளைகள் முன்னால் போகிறவர்கள் குதிகாலை மிதிக்கிறார்கள், ஒருத்தன் ஷூ கழன்று நடு மைதானத்தில் கிடக்கிறது. அவர்களுக்குப் பின்னால் வந்த போலீஸ் அணிகூடக் கால் மாற்றிக்கொண்டது. கலெக்டர் சல்யூட்டில் நிற்கிறார், பாவம், சிரிக்கவும் முடியாது, கையை இறக்கவும் முடியாது.

அப்போது ஜால்ரா கேட்டது. மெதுவாக இல்லை, உரலில் உலக்கை விழுகிற மாதிரி, ஒன்று, ஒன்று, ஒன்று என்று. எனக்கு இங்கே கை தானாக எழும்பி இறங்குகிறது. முதலில் சின்ன டிரம்கள் அதைப் பிடித்தன, பிறகு குழல், கடைசியில் கொளஞ்சியும் பிடித்தான். கொடிமரத்தைத் தாண்டும்போது அத்தனை காலும் ஒரே கால். கலெக்டர் பிறகு பேண்டைப் பாராட்டிப் பேசினார். மறுநாள் பேப்பரில் படமும் வந்தது. யார் படம்? டிரம்மோடு கொளஞ்சி. பக்கத்தில் ஆண்டவர் பல்லைக் காட்டிக்கொண்டு. ஹேமாவின் முழங்கை மட்டும் ஓரத்தில் வந்திருக்கிறது, அது அவள் முழங்கைதான், எனக்குத் தெரியும்.

அன்று முதல் அவள் பேண்டுப் பழக்கத்துக்குப் போவதில்லை. அழுதாலாவது சமாதானம் சொல்லலாம். அழவில்லை. கம்பு குத்தக் கூப்பிட்டால் வருகிறாள், குத்துகிறாள், போகிறாள். இலியாஸ் சார் சொல்லி அனுப்பினாலும் தலையை மட்டும் ஆட்டுகிறாள். குடியரசு தினத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள், இப்போதே விட்டுவிட்டால் டிரம் கொளஞ்சி தோளிலேயே காய்த்துவிடும்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது. உடனே ஆண்டவருக்கு ஒரு கடிதம் போடு, மரியாதை எல்லாம் வைத்து எழுதாதே. பெற்ற தகப்பன் கேட்கிறேன், என் மகள் தோளிலிருந்து டிரம்மை இறக்க நீ யார் என்று கேள். பெண் பிள்ளைக்குத் தகப்பன் தூரத்தில் இருக்கிறான் என்றுதானே இந்த விளையாட்டு விளையாடுகிறான். இந்த ஆண்டவரைப் போல் முதுகில் குத்துகிற ஆளை நான் பார்த்ததில்லை. முகத்துக்கு நேரே சரி சரி என்று சொல்லிவிட்டுப் பின்னால் வேலையைக் காட்டுகிறவன் ஆண் பிள்ளையா? அவன் வீட்டில் நான் இனிமேல் கை நனைக்க மாட்டேன்.

வெயிலில் அதிகம் அலையாதே. தலைக்கு எண்ணெய் வை. வேளைக்குச் சாப்பிடு. கலியுக வரதராசப் பெருமாள் உனக்குத் துணை இருப்பார், கல்லங்குறிச்சிக்கு நடந்து வருவதாக உன் பெயரில் வேண்டியிருக்கிறேன். நீண்ட ஆயுசோடும் நல்ல பெயரோடும் இரு.

உன் தாய்,
அமிர்தவல்லி

பின்குறிப்பு: இதை ஒட்டப் போகும் நேரத்தில் ஆண்டவரும் இலியாஸ் சாரும் வாசலுக்கு வந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. ஆண்டவர் நின்றுகொண்டே சொன்னான், "பெரியம்மா, ஊரெல்லாம் என்னியத் திட்டுறீங்க, இனிமே தாங்காது. பதினாலாந் தேதி அறிவழகன் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாப்ள. எம் மவ மேளத்த மாட்டிக்கிட்டு ஊரு முன்னாடி நடந்தா சொந்தக்காரன் என்ன பேசுவான், எறக்கிடுங்கன்னாப்ள. எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்னு கெஞ்சுனாப்ள. தகப்பன் சொல்றப்ப நான் என்ன பண்ணட்டும்?"

கதவுக்குப் பின்னால் ஹேமா நின்றிருந்தாள். வெளியே வந்து இலியாஸ் சாரைப் பார்த்து, "அப்ப நான் சரியா அடிக்கலன்னு எடுக்கலியா சார்?" என்று கேட்டாள். இத்தனை நாளும் அதைத்தான் மென்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது பிள்ளை. அவர், "ஒன்ன விட்டா யாரும்மா அடிக்கிறா?" என்றார். அவள் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு பழக்கத்துக்குப் போய்விட்டாள். குடியரசு தினத்துக்குப் பெரிய டிரம் அவளுக்குத்தான் என்று ஆண்டவரிடம் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன் தாலி கட்டுக்கு மேளம் அடித்தார்கள், உன் அப்பன் சாவுக்கு மேளம் அடித்தார்கள், அப்போதெல்லாம் போகாத மானம் உன் மகள் அடித்தால் போகுமோ?

ஆகையால் மேலே ஆண்டவர் என்று வருகிற இடத்தில் எல்லாம் உன் பெயரைப் போட்டுப் படித்துக்கொள். கல்லங்குறிச்சிக்கு நடப்பதை நிறுத்திவிட்டேன். நீண்ட ஆயுசு என்று எழுதியது இருக்கட்டும், நல்ல பெயர் என்றதை அடித்துவிடு. ஆண்டவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். கொளஞ்சி சின்னப் பையன், அவன் மேல் எனக்கு ஒன்றுமில்லை. புஷ்பவல்லியையும் ரெங்கம்மாளையும் இன்றோடு மன்னித்தாயிற்று. நான் மன்னிக்காத ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான், அவன் பெயர் அறிவழகன்.