ஸ்டெபிலைசர் என்று சொன்ன பெட்டி

இந்த ஆண்டு என் குரல் பின்லாந்து வரை போகவேண்டும் என்று தீர்மானித்தேன். அமெச்சூர் வானொலிக்காரனுக்கு இது நியாயமான ஆசை. என்னிடம் இருந்த சின்னக் கருவி கொடிகாமத்தைத் தாண்டவே களைத்துப்போனது.

ஆகவே சுன்னாகத்தில் லெனாட் என்பவரிடம் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினேன். என்னைவிட மூத்தது. தூக்க இரண்டு பேர் வேண்டும். வால்வு போனால் மாற்று வால்வு இந்தத் தீவில் இல்லை. நீர்வேலி வாழைத்தோட்டங்களில் மோட்டார் போட்டால் கரண்ட் இறங்கும். ஸ்டெபிலைசர் இல்லாவிட்டால் பெட்டி விழிக்கவே விழிக்காது. குறைகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்திருந்தேன். பிரசாந்தியைப் பற்றித்தான் எந்தக் கையேட்டிலும் எழுதவில்லை. அவள் என் மனைவி.

"உதென்ன இரும்புப் பெட்டி?"

"ஸ்டெபிலைசர். ஃபிரிட்ஜுக்கு நல்லது."

"வீட்டிலை ஒண்டு இருக்கே. அதைத்தான் உங்கடை ரேடியோ பிடிச்சு வைச்சிருக்கு."

"உது அதைவிடப் பெரிசு."

அவள் தலையாட்டினாள். புத்தி உள்ளவனுக்குப் பொய் ஒன்று போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் அவள் கோயில் திருவிழாவுக்குப் போனாள். நான் பழைய ஸ்டெபிலைசரில் பெட்டியைக் கொழுவிச் சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் செக்கச்செவேலென்று எரிந்தன. வீட்டு லைட் எல்லாம் மங்கியது. சோதனைக்காகக் குருநகரில் இருக்கும் சக வானொலிக்காரர் கிறிஸ்துநாயகத்தைக் கூப்பிட்டேன்.

"அண்ணை, கேக்குதோ?"

"பக்கத்திலை நிண்டு கதைக்கிற மாதிரி இருக்கு. மனிசி ஏசேல்லையோ?"

"ஸ்டெபிலைசர் எண்டு சொல்லிப்போட்டன். பாவம், நம்பிட்டா. கரண்டைப் பற்றி அவவுக்கு ஒண்டும் தெரியாது."

பிரசாந்தி திரும்பி வந்தாள். கூடவே அவளுடைய தங்கை உதயகலா. பிரசாந்தியின் நெற்றியில் விபூதி, முகத்தில் சாந்தம். எனக்குத் தேத்தண்ணி கூடத் தந்தாள்.

"இஞ்சருங்கோ, புது ஸ்டெபிலைசர் வேலை செய்யுதோ?"

"முதல்தரமாய் வேலை செய்யுது."

"அப்ப பழையது தேவையில்லை?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

"தேவையில்லை" என்றேன்.

"உதயகலா, தூக்கடி. அத்தான் தேவையில்லை எண்டிட்டார்."

வாசலில் ஓட்டோ நின்றது. பழைய ஸ்டெபிலைசர் உதயகலாவோடு கோப்பாயில் அவள் வீட்டுக்குப் புறப்பட்டது. அதை மறித்தால், புதுப் பெட்டி ஸ்டெபிலைசர் இல்லை என்று ஒத்துக்கொள்ளவேண்டும்.

ஓட்டோ தெருமுனையில் திரும்பியதும் பிரசாந்தி சொன்னாள்: "தேவாரம் படிக்கேக்கை ஒலிபெருக்கியிலை உங்கடை குரல் வந்தது."

"என்ன வந்தது?"

"'அண்ணை, கேக்குதோ' எண்டதிலையிருந்து 'ஒண்டும் தெரியாது' வரைக்கும். ஐயரும் தீபத்தைப் பிடிச்சபடி நிண்டு கேட்டவர்."

வால்வு ஆம்ப்ளிஃபயர் கக்கும் அலையை, திருவிழாவுக்கு ஊர் நீளம் இழுத்த ஒலிபெருக்கி வயர் அப்படியே பிடித்துக் கொடுத்துவிடும். இந்தக் குறையை நான் பிறகுதான் படித்தேன்.

"தெரிஞ்சும் ஏனப்பா உடனை சொல்லேல்லை?"

"சொன்னால் ஸ்டெபிலைசரைத் தந்திருப்பியளோ? தங்கச்சி தன்ரை ஃபிரிட்ஜுக்கு எத்தினை நாளாய்க் கேக்கிறாள்."

"அது இல்லாமல் என்ரை பெட்டி வேலை செய்யாது, பிரசாந்தி."

"உங்கடை பெட்டியையும் கோப்பாய்க்குக் கொண்டு போங்கோவன். திருவிழா முடியுமட்டும் அவள் வீட்டிலை மீன் இல்லை. ஸ்டெபிலைசரிலையிருந்து ஃபிரிட்ஜைக் கழட்ட விடுவாள்."