நான் மிளகுக்காக வரவில்லை

கிங்ஸ்பரி, லண்டன்,
14.11.1988, திங்கள் இரவு

மிகவும் அன்புள்ள கலாவதி மாமிக்கு,

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்ட வேண்டாம். மாமாவுக்கும் வேண்டாம், அவர் அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சிரிப்பார். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். எல்லோரும் நலம் என்று தொடங்க வேண்டும் என்று சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீங்கள்தான் படிப்பித்தீர்கள். ஆகவே, நாங்கள் எல்லோரும் நலம். இனி உண்மையை எழுதுகிறேன்.

நான் குளியலறையில் இருக்கிறேன். ஆறு பேர் இருக்கும் இந்த வீட்டில் பூட்டக்கூடிய கதவு இது ஒன்றுதான். யாராவது கண்டுபிடித்தால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் பயத்தைவிடக் கோபம் கூட. அப்பாவில் கோபம், சித்தப்பாவில் கோபம், மிளகிலும் கோபம்.

போன வாரம் சரித்திர மிஸ் ஒரு கேள்வித்தாள் தந்தார். நீ ஐந்நூறு வருடங்களுக்கு முந்திய கப்பல் தலைவன், அரசனின் அதிகாரி உன்னை விசாரிக்கிறார், பதில் எழுது என்று இருந்தது. ஏன் உன் நாட்டை விட்டுப் புறப்பட்டாய்? பழைய வழியால் ஏன் போகவில்லை? பயணத்துக்கு யார் பணம் தந்தார்கள்? வழியில் எந்த நாடுகளில் நின்றாய், அங்கேயே ஏன் தங்கவில்லை? நான் இரண்டு பின்னேரம் நூலகத்தில் இருந்து வாசித்துப் பென்சிலால் எழுதினேன். மிளகும் கறுவாவும் தரைவழியாக வந்தபோது ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் வாங்கி விலையேற்றி விற்றார், போதாததற்கு வழியெல்லாம் வரி, ஆகவே நடுவில் நிற்பவர்கள் ஒருவரும் இல்லாமல், விளைகிற இடத்துக்கே கடலால் போக வழி தேடினேன், பணக்காரன் ஆவதற்காகப் புறப்பட்டேன் என்று எழுதினேன். இது சரியான பதில் மாமி. புத்தகத்தில் இருக்கிறது.

என் பிழை, தாளைக் குசினி மேசையில் விட்டது. சிவானந்தன் சித்தப்பாவின் அகதி விண்ணப்பத்துக்காக ஹோம் ஒபிசில் போன மாதம் அவரை விசாரித்ததில் இருந்து, கேள்விக்குறி உள்ள எந்தத் தாளைக் கண்டாலும் அப்பாவுக்கு வியர்க்கிறது. அவர் வாசித்துவிட்டுப் போட்ட சத்தத்தில், சித்தப்பா பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு ஓடி வந்தார்.

"சிவானந்தன், பள்ளிக்கூடத்தாலை பிள்ளையளைப் பிடிச்சு விசாரிக்கத் தொடங்கீட்டாங்களடா!"

"அண்ணை, நாலாவது கேள்வி எனக்குக் கேட்ட அதே கேள்வி!"

"இவள் எழுதியிருக்கிறதைப் பார். 'பணக்காரன் ஆவதற்காகப் புறப்பட்டேன்.' முடிஞ்சுது. அடுத்த பிளேனிலை உன்னை ஏத்துவாங்கள்."

"அப்பா, இது கப்பல்காரன். ஐந்நூறு வருசத்துக்கு முந்தி," என்றேன்.

"அப்பிடிச் சொல்லித்தான் வாயைக் கிளறுவாங்கள். நீ சின்னப்பிள்ளை, உனக்கு விளங்காது."

"அந்தக் கப்பல்காரனுக்கு விசா இருந்ததோ?" என்று அம்மா கேட்டா. மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் பெனடிக்ற் அண்ணை படியில் நின்றபடி, "எங்கடை ஆக்கள் அண்டைக்கே துறைமுகத்திலை நிண்டு போர்த்துக்கீசனிட்டை இந்தப் பேப்பரைக் குடுத்து நிரப்பச் சொல்லியிருக்க வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அப்பா என் பதில்களை ஒவ்வொன்றாக ரப்பரால் அழித்து, நீல மையால் பெரிய எழுத்தில் எழுதினார். என் உயிருக்கு ஆபத்து இருந்ததால் புறப்பட்டேன். நான் மிளகுக்காக வரவில்லை. வழியில் கப்பல் மாறுவதற்காக மட்டுமே நின்றேன். அரசாங்கப் பணம் எடுக்கவில்லை, கிங்ஸ்பரியில் உள்ள என் தமையன் செல்வரத்தினம் பார்த்துக்கொள்கிறார். கப்பல்காரனுக்கு அப்பா தமையன்! கீழே கையெழுத்தும் திகதியும் போட்டு, ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு, தாளைத் தானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மிஸ் பூச்சியம் போட்டார். "கப்பல் தலைவர்கள் துணிந்தவர்கள், பயந்து ஓடியவர்கள் அல்லர்" என்று சிவப்பு மையால் எழுதி, முழு வகுப்புக்கும் வாசித்தும் காட்டினார். இப்போது சாப்பாட்டு வரிசையில் நான் நின்றால், "நான் மிளகுக்காக வரவில்லை" என்று பின்னால் சொல்கிறார்கள். வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம். அதற்கு முன் திருப்பி எழுதி, இது என் சொந்த வேலைதான் என்று அப்பாவின் கையெழுத்தோடு கொண்டுபோகாவிட்டால், தையில் இருந்து என்னை இரண்டாம் பிரிவில் போடுவார்களாம். சரித்திரத்தில் நான்தான் முதலாவது, மாமி! திருப்பி எழுதிவிட்டேன். அப்பா கையெழுத்துப் போடுகிறார் இல்லை.

"சிவானந்தன்ரை முடிவு வரட்டும். அதுவரைக்கும் 'பணக்காரன்' எண்ட சொல்லுக்குக் கீழை என்ரை கையெழுத்து வராது."

"அது எப்ப வரும்?"

"மூண்டு வருசம் செல்லும் எண்டு லோயர் சொன்னவர்."

மூன்று வருடத்தில் நான் பள்ளிக்கூடமே முடித்துவிடுவேன்! சித்தப்பா சமாதானம் பேச வந்தார். "மிளகை வெட்டிப்போட்டு மருந்து எண்டு போடு பிள்ளை. மருந்துக்கு வந்தவன் எண்டா இரக்கப்படுவாங்கள்." நான் கதவை அடித்துச் சாத்தினேன்.

அப்பா உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் பயப்படுவார். ஹோம் ஒபிஸ், மற்றது அவருடைய அக்காவாகிய நீங்கள். ஆகவே புதன் பின்னேரம் ஹரோவில் இருந்து 183 பஸ் எடுத்து வந்து, தற்செயலாக வந்தவர்போல இருந்து, கையெழுத்துப் போடச் சொல்லி அவரை நன்றாக ஏசுங்கள். நீங்கள் வராவிட்டால் அப்பாவின் கையெழுத்தை நானே போடுவேன். போட்டுப் பழகியும்விட்டேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் நோ குறைந்து, நீங்கள் பஸ்ஸில் ஏறக்கூடியதாக இருக்கக் கடவுள் அருள் புரியட்டும்.

ஒரு குற்றமும் செய்யாத உங்கள் மருமகள்,
சிவமலர்

பி.கு: மேலே எழுதியதை எல்லாம் விடுங்கள். உங்களுக்குக் காட்டுவதற்காகப் பூச்சியம் வாங்கிய தாளைக் கடிதத்தோடு வைக்க எடுத்தபோதுதான், பின்பக்கத்தில் கடைசிக் கேள்விக்கு எழுதியிருந்த பதிலைப் பார்த்தேன். பழைய வழி திறந்தால் வீட்டுக்குத் திரும்பிப் போவாயா? "ஓம். அண்டைக்கே போவன்." இது சித்தப்பாவின் எழுத்து, இங்கிலிசுத் தாளில் தமிழில். அப்பா அதை வெட்டியிருக்கிறார், திரும்பிப் போவேன் என்று சொல்லக்கூடாது என்று லோயர் முந்தியே சொன்னவர். வெட்டியதன் கீழே சித்தப்பா அதையே மறுபடியும் எழுதியிருக்கிறார். பயந்து ஓடியவர் இதை இரண்டு தரம் எழுதுவாரா? வழியை மூடினால் ஆட்கள் வேறு வழி தேடுவார்கள் என்று புத்தகத்திலும்தானே இருக்கிறது? மிஸ்ஸுக்கு இந்த வரி என்ன என்று கேட்கவும் தோன்றவில்லை. புதன்கிழமை வர வேண்டாம், மாமி. அப்பாவை ஏச வேண்டாம். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், மிஸ்ஸை ஏசுவதற்கு. முதலாவதாக அவரிடம் கேட்க வேண்டியது, துணிந்தவன் யார் என்று நீங்கள் எப்படி

கதவைத் தட்டுகிறார்கள். சித்தப்பா